வேலைக்கு விண்ணப்பித்த மறுநாளே ஆதார், பான், மின் கட்டண ரசீது எல்லாம் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

பதிவிட்டவர்: காவிரிக்கரை

அனைவருக்கும் வணக்கம். நான் நாமக்கல் மாவட்டத்தில் வசிக்கிறேன். பி.காம். முடித்துவிட்டு உள்ளூர்க் கடை ஒன்றில் இரண்டு ஆண்டுகள் டேலியில் கணக்கு எழுதிவந்தேன். சென்ற வாரம் வேலைவாய்ப்புத் தளம் ஒன்றில், வீட்டிலிருந்தபடியே செய்யக்கூடிய கணக்கு உதவியாளர் பணிக்கு விண்ணப்பித்தேன். மாதச் சம்பளம் 18,000 ரூபாய் என்று போட்டிருந்தது. மறுநாள் காலையிலேயே அந்த நிறுவனத்தின் எச்.ஆர். என்று சொல்லிக்கொண்டு ஒருவர் அழைத்தார். பத்து நிமிடம் பேசினார். பற்று வரவு குறித்து இரண்டு கேள்விகள் கேட்டார். நான் தேர்வாகிவிட்டதாகச் சொன்னார்.

அதன்பின் வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் வந்தது. ஆதார் அட்டையின் இரு பக்கங்கள், பான் அட்டை, பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம், வங்கி பாஸ்புக்கின் முதல் பக்கம், வீட்டு மின் கட்டண ரசீது ஆகியவற்றை ஒரு கூகுள் படிவத்தில் ஏற்ற வேண்டும் என்றும், பதிவு நடக்கும்போது என் கைப்பேசிக்கு ஓடிபி வரும், அதை உடனே சொல்ல வேண்டும் என்றும் அதில் இருந்தது. நான் ஆதார், பான், புகைப்படம் மூன்றையும் ஏற்றிவிட்டேன். மின் இணைப்பு என் தாத்தாவின் பெயரில் இருக்கிறது என்று சொன்னபோது, அதனால் ஒன்றும் இல்லை, தமக்கு ஆட்சேபனை இல்லை என்று அவரிடம் ஒரு வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கி அனுப்பினால் போதும் என்றார். ரசீதை எடுக்கப் போனபோதுதான் அப்பா, "கணக்கெழுதும் வேலைக்கு கரண்ட் பில் எதற்கு?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

மாலை ஐந்து மணிக்குள் மீதியை அனுப்பாவிட்டால் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவோம் என்கிறார்கள். ஆறு மாதமாக வேலை தேடிக்கொண்டிருக்கும் எனக்கு, சந்தேகப்பட்டே கையில் வந்த வேலையை இழந்துவிடுவேனோ என்ற பயமும் இருக்கிறது. இணையத்தில் விண்ணப்பிக்கும்போது இவற்றையெல்லாம் கேட்பது வழக்கம்தானா? ஏற்கெனவே கொடுத்துவிட்டவற்றுக்கு இனி என்ன செய்வது? விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

மறுமொழி 1: கோவை வாசி

தங்கைக்கு வணக்கம். நான் கோயம்புத்தூரில் பதினொரு ஆண்டுகளாக மனிதவளப் பிரிவில் வேலை பார்க்கிறேன். முதலில், மீதியை அனுப்பாதீர்கள். ஓடிபி வந்தால் யாரிடமும் சொல்லாதீர்கள். மற்றவற்றை நிதானமாகப் பேசலாம்.

நீங்கள் குறிப்பிட்ட ஆவணங்களில் பெரும்பாலானவற்றை நாங்களும் கேட்போம்; ஆனால் வேலையில் சேர்ந்த பிறகு கேட்போம். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு. சம்பளத்தில் வருமான வரி பிடிக்க வேண்டியிருந்தால் பான் எண் வேண்டும். அது இல்லையென்றால் 20 சதவீதம் பிடிக்க வேண்டிவரும். வருங்கால வைப்பு நிதிக் கணக்குக்கு ஆதார் இணைப்பு கட்டாயம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. பதிவுக்காகக் குடும்ப உறுப்பினர்களின் விவரமும் கேட்கப்படும். சம்பளம் போட வங்கிக் கணக்கு எண்ணும், ரத்து செய்த காசோலை ஒன்றும் வாங்குவோம். இவை அனைத்தும், ஒருவர் எங்கள் ஊழியர் ஆனபின் அவருக்காக நாங்கள் செய்ய வேண்டிய காரியங்களிலிருந்து பிறக்கும் தேவைகள். அவர் விண்ணப்பதாரராக மட்டும் இருக்கும்வரை அந்தக் காரியங்களே இல்லை. ஆகவே அந்த ஆவணங்களுக்கும் வேலை இல்லை. விண்ணப்பிக்கும் கட்டத்தில் எங்களுக்கு வேண்டியவை பெயர், கைப்பேசி எண், மின்னஞ்சல், எந்த ஊர், என்ன படிப்பு, எங்கே என்ன வேலை பார்த்தீர்கள் என்பவை மட்டுமே. நேர்காணலுக்கு வரும்போது அடையாள அட்டையின் அசலைக் காட்டச் சொல்வோம். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவோம்.

உங்களுக்குப் பத்து நிமிடத் தொலைபேசிப் பேச்சிலேயே தேர்வு முடிந்துவிட்டது; பணி நியமனக் கடிதம் வரவில்லை; நிறுவனத்தின் பெயரிலான மின்னஞ்சல் முகவரியிலிருந்து ஒரு வரிகூட வரவில்லை. இத்தனையும் இல்லாத இடத்தில் ஐந்து மணிக் கெடு மட்டும் இருக்கிறது. உண்மையான வேலையில் ஆவணம் ஒரு நாள் தாமதமானால் நாங்கள் நினைவூட்டுவோம். இடத்தைப் பறிக்க மாட்டோம்.

இதோடு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் ரெஸ்யூம் எழுதும் பழக்கத்திலேயே ஒரு கோளாறு இருக்கிறது. பழைய பயோடேட்டாவின் வாசனை இன்னும் போகவில்லை. தந்தை பெயர், பிறந்த தேதி, நிரந்தர முகவரி, திருமணமானவரா என்பது, சில வேளைகளில் பாஸ்போர்ட் எண் வரை எழுதி, கடைசியில் "மேற்கண்டவை உண்மை என உறுதியளிக்கிறேன்" என்று போட்டு, ஸ்கேன் செய்த கையெழுத்தையும் ஒட்டிவிடுகிறார்கள். அந்தக் கையெழுத்தை எந்த எச்.ஆரும் பார்ப்பதில்லை, வெட்டி எடுத்து வேறொரு தாளில் ஒட்ட நினைப்பவருக்கு மட்டுமே அது பயன்படும்.

பிறந்த தேதியும் அப்படித்தான். இணையத்தில் இறக்கும் இ-ஆதார் கோப்புக்குக் கடவுச்சொல் என்ன? பெயரின் முதல் நான்கு எழுத்துகள், அதன்பின் பிறந்த ஆண்டு. நம் பெயரில் பிடித்த வரியைக் காட்டும், வருமான வரித் தளத்தின் 26ஏஎஸ் படிவத்துக்குப் பிறந்த தேதியேதான் கடவுச்சொல். ஆகவே பூட்டிய கோப்பை ரெஸ்யூமோடு சேர்த்து அனுப்புவது, பூட்டையும் சாவியையும் ஒரே பையில் போட்டுக் கொடுப்பதாகும். பிறந்த ஆண்டு, கையெழுத்து, தந்தை பெயர், கதவு எண் ஆகியவற்றை இன்றே உங்கள் ரெஸ்யூமிலிருந்து எடுத்துவிடுங்கள். எந்த நல்ல வேலையும் அதனால் கைநழுவிப் போகாது.

---

மறுமொழி 2: பேரேடு

நான் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் பல ஆண்டுகளாக எழுத்தராக இருக்கிறேன். கோவை வாசி சொன்னதெல்லாம் சரி. ஆனால் இந்தப் பட்டியலைப் படித்ததும் எனக்கு வேறொன்று உறைத்தது. இது வேலைக்குச் சேர்ப்பவர்கள் கேட்கும் பட்டியலே அல்ல. எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாகத் தொழில் தொடங்க வருபவரிடம் ஜிஎஸ்டி பதிவுக்காக நாங்கள் கேட்டு வாங்கும் பட்டியல் இது.

வரிசையாகப் பாருங்கள். உரிமையாளரின் பான், ஆதார், புகைப்படம். தொழில் நடக்கும் இடத்துக்குச் சான்றாக மின் கட்டண ரசீது. அந்த இடம் வேறொருவர் பெயரில் இருந்தால், தமது இடத்தைப் பயன்படுத்த ஆட்சேபனை இல்லை என்ற அவருடைய ஒப்புதல் கடிதம். வங்கி விவரம். இறுதியில் ஆதார் சரிபார்ப்புக்கான ஓடிபி. உங்கள் தந்தையார் கேட்ட கேள்வி மிகச் சரியான கேள்வி. சம்பளத்துக்கு வேலை பார்ப்பவரின் வீட்டு மின் இணைப்பு யார் பெயரில் இருந்தால் முதலாளிக்கு என்ன? முகவரிச் சான்றுதான் வேண்டுமென்றால் ஆதாரிலேயே முகவரி இருக்கிறது. தாத்தாவிடம் ஒப்புதல் கையெழுத்து வாங்கச் சொன்னதுதான் என்னைப் பொறுத்தவரை அசைக்க முடியாத அடையாளம். அதற்கு வேறு எந்த உபயோகமும் எனக்குத் தெரிந்து இல்லை.

இப்படி ஒருவர் பெயரில் பதிவு வாங்கிவிட்டால், அந்தப் பெயரில் சரக்கே இல்லாமல் வெறும் பில்கள் போடப்படும். அந்தப் பில்லை வாங்கியவர் அதில் காட்டியுள்ள வரியைத் தாம் கட்டியதாகக் கணக்குக் காட்டி உள்ளீட்டு வரி வரவை, அதாவது தாம் கட்ட வேண்டிய வரியில் அந்தத் தொகைக்கான கழிவை, எடுத்துக்கொள்வார். சில மாதங்களில் நிறுவனம் காணாமல் போகும். துறையிலிருந்து வரும் நோட்டீஸ் மட்டும், பான் எண் யாருடையதோ அவர் வீட்டுக்கு வரும். கூலித் தொழிலாளி ஒருவருக்குக் கோடிக்கணக்கில் வரி பாக்கி என்று செய்தித்தாளில் அவ்வப்போது படிக்கிறோமே, அவற்றில் பலவற்றின் பின்னணி இதுதான்.

எங்கள் அலுவலகத்துக்கே ஒருமுறை ஓர் இளைஞர் இப்படி ஒரு நோட்டீஸை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். அவர் மளிகைக் கடையில் பொட்டலம் கட்டுபவர். நோட்டீஸில் அவர் இரும்புக் கழிவு வியாபாரி. எப்போதோ வேலை வாங்கித் தருவதாகச் சொன்ன ஒருவரிடம் ஆவணங்களைக் கொடுத்ததும், "சம்பளக் கணக்குக்கு" என்று ஓடிபி சொன்னதும் அவருக்கு நெடுநேரம் கழித்துத்தான் நினைவுக்கு வந்தன. அந்தப் பதிவை ரத்து செய்யவைக்க அவர் அலைந்த அலைச்சலைக் கண்ணால் பார்த்தவன் என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

உங்கள் விஷயத்தில் நல்ல செய்தி, ஓடிபியைச் சொல்லவில்லை என்பது. ஆதார் ஓடிபி என்பது ஏதோ ஆறு இலக்க எண் அல்ல. அதை வைத்து ஆதாரின் வழியாக மின்னணுக் கையெழுத்தே போட முடியும். அதைச் சொல்வது, எழுதாத தாளில் கையெழுத்திட்டுத் தருவதற்குச் சமம். ஆதார் எண் மட்டும் பிறர் கைக்குப் போனதால் வங்கியிலிருந்து பணம் போய்விடும் என்று பயப்பட வேண்டாம். கைரேகையோ ஓடிபியோ இல்லாமல் அதை வைத்துப் பணம் எடுக்க முடியாது.

இனிச் செய்ய வேண்டியவை. ஜிஎஸ்டி தளத்தில் உள்நுழையாமலேயே பான் எண்ணைக் கொண்டு தேடும் வசதி இருக்கிறது. உங்கள் பான் எண்ணைப் போட்டுப் பாருங்கள். அதன்மேல் எந்த மாநிலத்திலாவது பதிவு இருந்தால் காட்டிவிடும். ஜிஎஸ்டி எண் பதினைந்து இலக்கம் கொண்டது. முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் அப்படியே பான் எண்தான். மாநிலம் மாற்றிப் பதிவு செய்வதும் நடக்கும் என்பதால் 33 மட்டும் பார்த்துவிட்டு நின்றுவிடாதீர்கள். மாதம் ஒருமுறையாவது இதைத் திரும்பப் பார்ப்பது நல்லது. ஏதாவது தென்பட்டால் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் அந்தப் பதிவு எந்த அலுவலரின் எல்லைக்குள் வருகிறதோ அவருக்கு எழுத்துமூலம் புகார் கொடுத்து, அதன் நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது கடன். பானையும் புகைப்படத்தையும் வைத்துக் கடன் செயலிகளில் கடன் வாங்கும் முயற்சியும் நடக்கலாம். நம் பெயரில் உள்ள கடன்களின் விவரத்தைத் திரட்டி வைக்கும் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. நான்கையும் ஒரே நாளில் எடுத்துவிடாமல் மூன்று மாதத்துக்கு ஒன்றாக எடுத்தால் ஆண்டு முழுவதும் கண்காணிப்பு இருக்கும். நீங்கள் வாங்காத கடன் அதில் இருந்தால் அங்கேயே ஆட்சேபனை பதியலாம். 30 நாள்களுக்குள் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் இழப்பீடு உண்டு.

---

மறுமொழி 3: தறிச்சத்தம்

எல்லோரும் சொல்வது நியாயம்தான். ஆனாலும் கோவை வாசி அவர்கள் எழுதியிருக்கும் ஒழுங்கு, கண்ணாடிக் கட்டடத்து அலுவலகங்களின் ஒழுங்கு என்று எனக்குத் தோன்றுகிறது. நான் திருப்பூரில் பனியன் நிறுவனங்களுக்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் மேற்பார்வையாளராக இருக்கிறேன். எங்களிடம் வருபவர் பேர் சொல்வதற்கு முன்பே ஆதாரை நீட்டுகிறார். வாசலிலேயே கைப்பேசியில் படம் எடுத்துவிடுகிறோம். விடுதியில் தங்கவைக்க வேண்டும், வயது பதினெட்டு ஆகிவிட்டதா என்று பார்க்க வேண்டும், வெளிமாநிலத்தவர் என்றால் காவல் நிலையம் கேட்கும்போது காட்ட வேண்டும். "சேர்ந்த பிறகு தருகிறேன்" என்று சொல்பவரை அன்றைக்கு யாரும் உள்ளே விட மாட்டார்கள் என்பதே நிலைமை. இதை மறைத்து எழுதினால் படிப்பவருக்குப் பயன்படாது.

ஆனால் அதே அனுபவத்திலிருந்து இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அப்படி எடுத்த படங்கள் எங்கே போகின்றன? மேற்பார்வையாளரின் கைப்பேசியில், ஒரு வாட்ஸ்அப் குழுவில், அந்தக் குழுவில் இருக்கும் முப்பது பேரின் கைப்பேசிகளில். வேலையை விட்டுப் போனவரின் அட்டையை யாரும் அழிப்பதில்லை. என் கைப்பேசியிலேயே நான்கு ஆண்டுப் பழைய அட்டைகள் கிடந்தன; சென்ற பொங்கல் விடுமுறையில் உட்கார்ந்து அழித்தேன்.

கேட்கும் இடத்தில் மறுக்க முடியாதவர்களுக்கு என் யோசனை இது. ஆதார் ஆணையத்தின் தளத்தில், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை இறக்கிக்கொள்ளலாம். எங்கள் வாசலில் அதை நீட்டினால் வாங்கிக்கொள்கிறோம், எங்களுக்கு வேண்டியது முகமும் வயதும்தான். நகல் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், யாருக்கு, எதற்கு, எந்தத் தேதியில் என்பதைப் படத்தின் மேலேயே குறுக்காக எழுதிக் கையெழுத்திடுங்கள். ஓரத்தில் எழுதினால் வெட்டிவிடுவார்கள்.

ஆதாரின் நகலைக் கண்டவரிடம் கொடுக்காதீர்கள், மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்கள் என்று 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அது தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று இரண்டே நாளில் மத்திய அரசு அதைத் திரும்பப் பெற்றது. திரும்பப் பெற்ற காரணம் எதுவாக இருந்தாலும், முதலில் சொன்ன புத்தி கெட்ட புத்தி அல்ல என்பது என் கருத்து.

---

மறுமொழி 4: கோவை வாசி

தறிச்சத்தம் அவர்கள் சொன்னதை ஏற்கிறேன். நான் என் அலுவலகத்தை வைத்தே பேசிவிட்டேன். ஒரு வித்தியாசத்தை மட்டும் சுட்டிக்காட்ட வேண்டும். உங்கள் வாசலில் கேட்பவரின் முகமும், கட்டடமும், இயந்திரச் சத்தமும் கண்முன்னே இருக்கின்றன. நாளைக்கு ஏதாவது என்றால் அதே வாசலுக்குத் திரும்பி வரலாம். இந்தத் தங்கையிடம் கேட்டவருக்கு இருப்பது ஒரு கைப்பேசி எண் மட்டுமே.

சட்டம் குறித்து ஒரு வார்த்தை. தனியார் நிறுவனங்கள் ஆதாரைக் கேட்டுப் பெற வழிசெய்த, ஆதார் சட்டத்தின் 57ஆம் பிரிவின் பகுதியை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 26 அன்று செல்லாது என்று தீர்ப்பளித்தது. பின்னர் 2019இல் வந்த திருத்தம், ஒருவர் தாமாக விரும்பி அடையாளத்துக்கு ஆதாரைத் தரலாம் என்று அனுமதித்தது. எனவே எங்களைப் போன்றவர்கள் பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை எதையும் அடையாளமாக ஏற்க வேண்டும். வைப்பு நிதிக்கு ஆதார் தேவை என்பது தனிக்கதை. அது சேர்ந்த பிறகு. பிறருடைய அடையாள விவரங்களை ஏமாற்றிப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவின்கீழ் மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். ஆகையால் புகார் கொடுக்கத் தயங்காதீர்கள். பணம் போயிருந்தால் 1930 எண்ணை உடனே அழைக்க வேண்டும். பணம் போகாத உங்கள் விஷயத்தில் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிந்தால் போதும். பின்னால் ஏதாவது நோட்டீஸ் வந்தால், இன்ன தேதியிலேயே புகார் கொடுத்துவிட்டேன் என்று காட்ட அந்த ஒப்புகைதான் கைகொடுக்கும்.

---

மறுமொழி 5: காவிரிக்கரை

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. நேற்று மாலை ஐந்து மணிக்கு முன்பே அவர்களிடம், நியமனக் கடிதத்தை நிறுவனத்தின் மின்னஞ்சலில் அனுப்பினால் மீதியைத் தருகிறேன் என்று எழுதினேன். பதில் இல்லை, சிறிது நேரத்தில் அந்த எண்ணின் படமும் மறைந்துவிட்டது. அதற்குள் ஆதாருக்கான ஓடிபி ஒன்று என் கைப்பேசிக்கு வந்திருந்தது. அதை நான் கேட்கவில்லை. யார் கேட்டிருப்பார்கள் என்பதற்கு இனி விளக்கம் தேவையில்லை.

பேரேடு ஐயா சொன்னபடி பான் எண்ணைத் தேடிப் பார்த்தேன். எந்தப் பதிவும் இல்லை. ஆதார் தளத்தில் கைரேகையைப் பூட்டிவிட்டேன். அங்கேயே கடந்த ஆறு மாதங்களில் என் ஆதார் எங்கெல்லாம் சரிபார்க்கப்பட்டது என்ற பட்டியல் கிடைக்கிறது. அதில் வங்கியும் சிம் கடையும் தவிர வேறில்லை. சஞ்சார் சாத்தி தளத்தில் என் பெயரில் எத்தனை கைப்பேசி இணைப்புகள் உள்ளன என்றும் பார்த்துவிட்டேன்; என்னுடைய ஒன்று மட்டுமே இருக்கிறது. வாட்ஸ்அப் உரையாடலைப் படமெடுத்துச் சேர்த்து இணையத்தில் புகாரும் பதிந்தாயிற்று. விளம்பரம் வந்த வேலைவாய்ப்புத் தளத்துக்கும் தெரிவித்தேன். அவர்கள் அந்த விளம்பரத்தை நீக்கிவிட்டார்கள்.

ஒரே ஒரு சந்தேகம். நான் கேட்பதற்கு முன்பே தாத்தா வெள்ளைத் தாளின் அடியில் கையெழுத்திட்டு வைத்திருந்தார். "பேத்தி வேலைக்குத்தானே, நீயே மேலே எழுதிக்கொள்" என்றார். அந்தத் தாளை அப்பா கிழித்துவிட்டார், ஆனால் அனுப்புவதற்கு முன் சரியாக விழுகிறதா என்று பார்க்க நான் அதைக் கைப்பேசியில் படம் எடுத்திருந்தேன். படிவத்தில் ஏற்றவில்லை. அதனால் ஆபத்து உண்டா?

---

மறுமொழி 6: பேரேடு

ஏற்றாதவரை ஆபத்து இல்லை அம்மா. படத்தைக் கைப்பேசியிலிருந்து அழித்துவிட்டு, கூகுள் ஃபோட்டோஸில் தானாகச் சேமிக்கப்பட்டிருக்கிறதா என்றும், அங்குள்ள குப்பைத் தொட்டியிலும் பாருங்கள். கூகுள் படிவத்தில் ஏற்றிய கோப்புகள் படிவத்தை உருவாக்கியவரின் கணக்கில் இருப்பவை. அவற்றை உங்களால் அழிக்க முடியாது. எனவே பான் தேடலை மட்டும் மாதா மாதம் விடாமல் செய்துவாருங்கள். டேலி தெரிந்தவர் என்கிறீர்கள். நாமக்கல்லிலும் ஈரோட்டிலும் ஆடிட்டர் அலுவலகங்களில் ஜூலை மாதம் நெருங்கும்போது கணக்கெழுத ஆள் தேடுவார்கள். ரெஸ்யூமைக் கையில் எடுத்துக்கொண்டு நேரிலேயே போய்ப் பாருங்கள்.